பொத்துவில் வீதியும் இரண்டு பைகளும்

கல்முனையிலிருந்து பொத்துவில் போகும் வீதியில் அதிகாலையில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். எங்கள் கரையோர மக்கள் எதை விற்று வாழ்கிறார்கள் என்பதை யாரிடமும் கேட்காமலே தெரிந்துகொள்ளலாம். எல்லாமே மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டப்பட்டிருக்கும்.

முதலில் மீன்காரர்கள் போவார்கள். மரச்சட்டத்துக்குள் ரெஜிபோம் பெட்டி. அதன் அடியில் ஒரு துளை. துளையிலிருந்து ஒரு சிறு குழாய். ஐஸ் கரைந்து வடியும் உப்புத் தண்ணீர் செயினிலும் பிரேக்கிலும் படாமல் வெளியே போவதற்காக அந்தக் குழாய். அடுத்து வயலுக்குப் போகிறவர்கள். மருந்தடிக்கும் மெசின் ஒரு பக்கம், மண்வெட்டி மறுபக்கம். பிறகு பிளாஸ்டிக் வாளிகளையும் சட்டிகளையும் பூங்கொத்துப் போலத் தொங்கவிட்ட பாத்திர வியாபாரிகள், தயிர்ச் சட்டிகளை உடையாமல் அடுக்க மரத்தட்டுச் செய்து கட்டியவர்கள் என்று ஒவ்வொருவராக வருவார்கள்.

இவற்றில் ஒன்றும் பைக்கோடு கடையிலிருந்து வந்ததல்ல. ஒவ்வொருவரும் தமது தொழிலுக்கு ஏற்ப வெல்டிங் கடையிலோ வீட்டு முற்றத்திலோ செய்துகொண்டவை. அப்படி எங்கள் வீட்டில் செய்துகொண்ட இரண்டு பைகளைப் பற்றியும், அவற்றோடு நான் பொத்துவில் போய்வந்த முதல் பயணத்தைப் பற்றியும் சகோதரிகளோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

எனது ஊர் மருதமுனை. கைத்தறிக்குப் பெயர் பெற்ற ஊர். எனது கணவரின் குடும்பத்தாரும் தறிக்காரர்களே. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி வந்த கடல் எங்கள் அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. கடலோரத்தில் இருந்த மாமியின் வீட்டையும் நான்கு தறிகளையும் அதே கடல்தான் கொண்டுபோனது. அதன்பின் என் கணவர் தறியில் அமரவில்லை. ஊரில் மற்றவர்கள் நெய்யும் சாரன்களையும் சாரிகளையும் எடுத்து, தெற்கே பொத்துவில் வரை கொண்டுபோய் வீடுவீடாக விற்கத் தொடங்கினார். ஒரு 100 சீசீ பைக்தான் அவருடைய கடை.

பொத்துவிலுக்கு ஏறக்குறைய 70 கிலோமீற்றர். பெரிய வீதி நல்ல தார் வீதிதான். ஆனால் வாடிக்கையாளர்கள் பெரிய வீதியில் இல்லையே! ஒருவர் கடற்கரை மணலில் இருப்பார், இன்னொருவர் வாய்க்கால் கட்டோரம் இருப்பார், மற்றவர் வயலுக்கு நடுவே இருப்பார். ஒரே நாளில் தார், மணல், சேறு மூன்றிலும் ஓடவேண்டும். இப்படி வீதிக்கும் மண்பாதைக்கும் ஒன்றாகப் பயன்படவென்றே செய்யப்பட்ட பைக்குகள் உண்டு. நம்மவர்கள் அவற்றை ட்ரெயில் பைக் என்பார்கள். 1968 இல் ஜப்பானின் யமஹா கம்பெனி வெளியிட்ட டிடி-1 என்ற பைக்தான் இந்த வகையை உலகெங்கும் பிரபலமாக்கியது. உயர்ந்த இருக்கை, நீண்ட ஸ்பிரிங், பல்லுப் பல்லான டயர் என்று அதன் அமைப்பே வேறு. எங்களுக்கு அது எட்டாத விலை. வீட்டில் இருந்த பைக்கைத்தான் எல்லாப் பாதைக்கும் பழக்கவேண்டியிருந்தது.

2022 ஆம் ஆண்டை எவரும் மறந்திருக்க மாட்டீர்கள். பெற்றோல் வரிசையில் இரவு பகலாகக் கிடந்தோம். பின்னர் கியூஆர் முறை வந்தது. ஒரு மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர். என் கணவர் கணக்குப் போட்டார். சுமையோடு ஒரு லீற்றருக்கு 45 கிலோமீற்றர் ஓடும். 4 லீற்றருக்கு 180. பொத்துவில் போய்வர 140. ஊர்களுக்குள்ளே சுற்ற 40. முடிந்தது. முன்பு வாரத்தில் மூன்று முறை போனவர் இனி ஒரே ஒரு முறைதான் போகமுடியும்.

மூன்று முறைக்குரிய சரக்கை ஒரே முறையில் கட்டினார். பின் கரியரில் எழுபது கிலோவுக்கு மேல், அவருடைய தலை உயரத்துக்குப் பொதி நின்றது. "இஞ்சாருங்க, இது சரியா இல்ல" என்று நான் சொன்னேன். "ஒரு கிழமைக்கு ஒரு தரம்தானே" என்றார்.

அந்த ஆண்டு செப்டம்பர் மாதம், கோமாரிப் பக்கம் ஒரு மணல் பாதையில் பைக் சரிந்தது. வேகமாகப் போகவில்லை. நடக்கும் வேகம்தான். முன் சக்கரம் மணலில் பிடிப்பில்லாமல் ஒரு பக்கம் திரும்ப, பொதி மறுபக்கம் இழுத்திருக்கிறது. அவருடைய வலது கால் பைக்கின் கீழே அகப்பட்டது. முழங்காலுக்குக் கீழ் எலும்பு முறிவு. ஐந்து மாதம் வீட்டில் இருந்தார். அந்த ஐந்து மாதமும் எனது தையல் மெசின்தான் அடுப்பை எரியவைத்தது.

வேறு பைக் வாங்கலாம் என்றாலும் வழியில்லை. வாகன இறக்குமதி 2020 மார்ச்சிலேயே நிறுத்தப்பட்டிருந்தது. பழைய பைக்கின் விலையே இரண்டு மடங்கு, மூன்று மடங்காக ஏறியிருந்தது. ஆகவே, உள்ளதைத் திருத்துவது ஒன்றுதான் வழி.

காலை நீட்டிக் கட்டிலில் கிடந்தபடி அவர் ஒரு கொப்பியில் படம் கீறத் தொடங்கினார். நானும் பக்கத்தில் இருந்து பார்த்தேன். விழுந்ததற்குக் காரணம் பாரம் மாத்திரமல்ல, பாரம் இருந்த இடமும்தான் என்பதை அப்போதுதான் விளங்கிக்கொண்டோம். சகோதரிகளே, ஒரு குடம் தண்ணீரை இடுப்பில் வைத்து நடந்து பாருங்கள். அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடித்து நடந்து பாருங்கள். தண்ணீர் ஒன்றுதான். ஆனால் இரண்டாவது முறையில் பத்தடி போகமாட்டோம். பின் சக்கரத்தின் அச்சுக்கும் பின்னால், உயரத்தில் பாரத்தைக் கட்டினால் அது முன் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டே இருக்கும். முன் சக்கரம் நிலத்தில் அழுந்தாவிட்டால் ஹேண்டிலைத் திருப்பியும் பயனில்லை. தார் வீதியில் இது தெரியாது. மணலில் இறங்கியதும் தெரியும்.

எனவே, பாரத்தைக் கீழே இறக்குவது, முன்னே கொண்டுவருவது, இரு பக்கமும் சமமாகப் பிரிப்பது என்று மூன்று தீர்மானம் எடுத்தோம். கடைசித் தீர்மானம் தறிக்காரருக்குப் புதிதல்ல. பாவு ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தளர்ந்தால் துணி கோணிப்போகும் என்பது அவர்களுக்குச் சின்ன வயதிலேயே தெரியும்.

உடைந்த இரும்புக் கதிரைகள் இரண்டின் குழாய்களைக் கொண்டு ஊரிலுள்ள வெல்டிங் கடைக்காரத் தம்பி சட்டம் செய்து தந்தார். பைக்கின் உடம்பில் நேரே ஒட்டவேண்டாம் என்று அவரே சொன்னார். ஒட்டும் சூட்டில் அந்த இடத்து இரும்பு பலவீனப்படுமாம். பிறகு கழற்றவும் முடியாது. பின் ஸ்பிரிங்கின் மேல் ஆணியிலும், பின்னால் இருப்பவர் கால் வைக்கும் கம்பியின் ஆணியிலும் பொருந்துமாறு செய்து முறுக்கினார். இரு பக்கச் சட்டங்களையும் இலக்கத் தகட்டின் கீழாக ஒரு குறுக்குக் கம்பி இணைத்தது. அது இல்லாவிட்டால் பள்ளத்தில் விழும்போது பைகள் உள்ளே ஆடிச் சக்கரத்தில் சிக்கும்.

பைகள் எனது பொறுப்பு. வெளியே தடித்த படங்குத் துணி, உள்ளே உரப்பையின் பிளாஸ்டிக் உறை, அடியில் கடல் விட்டுவைத்த பழைய தறிப் பலகையின் ஒரு துண்டு. பதினெட்டு அங்குல நீளம், பதினான்கு அங்குல உயரம், ஒன்பது அங்குல அகலம். வழமையான ஊசியால் இரண்டு மடிப்புப் படங்கைத் தைக்கமுடியவில்லை. மூன்று ஊசி முறிந்தன. 18 ஆம் நம்பர் ஊசியும் நைலோன் நூலும் போட்டு, மெசினின் சக்கரத்தைக் கையால் சுற்றிச் சுற்றித் தைத்தேன். கட்டுவதற்குக் கயிறு வேண்டாம், பழைய டியூபை வாராக வெட்டினால் போதும் என்றார் கணவர். கயிறு ஓட்டத்தில் தளரும். டியூப் வார் இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கும்.

எல்லாம் முடிந்ததும் தராசில் நிறுத்துப் பார்த்தோம். ஒரு பக்கத்துக்குப் பதினைந்து கிலோ. அதற்கு மேல் வைக்கக்கூடாது என்று முடிவு செய்தோம். மொத்தம் முப்பது. முந்திய பாரத்தில் பாதிகூட இல்லை. "மிச்சத்த என்ன செய்யிற?" என்று அவர் கேட்டார். காலும் இன்னும் முழுதாகத் தேறவில்லை.

"என்ட ஸ்கூட்டிக்கும் கியூஆர் இரிக்கிதானே? அதுக்கும் நாலு லீற்றர்" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பாலர் பாடசாலையில் படிப்பித்த காலத்தில் வாங்கிய ஸ்கூட்டி அது. லைசன்சும் இருந்தது. ஆனால் கல்முனைச் சந்தையைத் தாண்டி அதில் நான் போனதில்லை. மாமிதான் முதலில் வாய் திறந்தார். "பொம்புளப் புள்ள சாமான் கட்டிக்கிட்டுப் பொத்துவிலுக்குப் போறதா? ஊர் என்ன சொல்லும்?" நான் பதில் சொல்லவில்லை. அடுத்த நாள் காலையில் பார்த்தால், ஸ்கூட்டியில் கால் வைக்கும் தட்டில் நிறுத்துவதற்கு நான் வெட்டிவைத்திருந்த மூன்றாவது பையின் கைபிடியை மாமியே கையூசியால் தைத்துக்கொண்டிருந்தார்.

ஸ்கூட்டிக்கு அதிகம் செய்யவில்லை. முன் தட்டில் பன்னிரண்டு கிலோ, இருக்கையின் பின்னே சிறு கரியரில் எட்டுக் கிலோ. எனது அபாயாவின் ஓரத்தில் இரு பக்கமும் அழுத்துப் பொத்தான் வைத்துக் கணுக்காலோடு சேர்த்துப் பூட்டிக்கொண்டேன். துணி பறந்து சக்கரத்தில் சுற்றி விழுந்த பெண்களை நாம் எல்லோரும் அறிவோம்.

2023 மார்ச்சில், நோன்புக்கு இரண்டு வாரம் இருக்க, ஒரு சனிக்கிழமை சுபஹ் தொழுததும் புறப்பட்டோம். அவர் முன்னால், நான் பின்னால். மாரிமழை ஓய்ந்து, பெரும்போக அறுவடை நடந்துகொண்டிருந்த நேரம். வயல்காரர் கையில் நாலு காசு புழங்கும் காலம்.

கல்முனை, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர் என்று ஊரோடு ஊர் ஒட்டியே கிடக்கிறது. எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று வெளியூரார்க்குத் தெரியாது. வழியில் ஒரு சந்தியில் பொலிஸ்காரர் ஒருவர் கையைக் காட்டினார். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அவர் பைகளைச் சுற்றிவந்து பார்த்தார். "நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க. ஆனா இடப்பக்கச் சிக்னல் லைற் பைக்குப் பின்னால மறையிது. பின்னுக்கு வாற லொறிக்காரனுக்கு நீங்க திரும்பப் போறது எப்படித் தெரியும்?" என்று கேட்டார். உண்மைதான். எத்தனையோ அளவு எடுத்த நாங்கள் இதைப் பார்க்கவில்லை. அங்கேயே நின்று பையை இரண்டு அங்குலம் கீழே இறக்கி லைற் தெரியும்படி கட்டினோம்.

நிந்தவூரைத் தாண்டினால் இருமருங்கும் வயல்வெளி. களியோடைப் பாலத்தில் காற்று ஸ்கூட்டியைப் பக்கவாட்டில் தள்ளியது. சில இடங்களில் வீதியின் ஓரத்திலேயே நெல்லைப் பரப்பிக் காயவைத்திருந்தார்கள். நெல்லின் மேல் பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கும். "நெல்லுக்கு முந்தியே வேகத்தக் குறை, மேல போகக்குள்ள பிரேக்கத் தொடாத" என்று கணவர் சொல்லித் தந்திருந்தார். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பக்கமாக மாணவிகள் சிலர் புத்தகப்பையோடு ஸ்கூட்டியில் என்னை முந்திப் போனார்கள். ஒருத்தி திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள். அதன் பிறகு எனது கைகள் ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்கவில்லை.

அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று கடந்து தம்பிலுவில், திருக்கோவில் என்று தமிழ் ஊர்கள். அங்கே நான் முதல் சாரியை விற்றேன். அதை விற்றேன் என்பதைவிட, அவர்கள் என்னை உள்ளே அழைத்து எடுத்துக்கொண்டார்கள் என்பதே சரி. என் கணவர் போனால் படலையடியில் நிற்பார். வீட்டு ஆண்கள் வந்து நிறம் பார்ப்பார்கள். நான் போனதும், "உள்ள வாங்க அக்கா" என்று பாய் விரித்து, தாயும் மகளும் பக்கத்து வீட்டாரும் சாரியை விரித்து, தோளில் போட்டு, முந்தானை பார்த்து எடுத்தார்கள். தேத்தண்ணி குடிக்காமல் விடவில்லை. "இந்தக் கரை கொஞ்சம் அகலமா, மாம்பழ நிறத்தில கிடைக்குமா?" என்று கேட்டார் ஒரு வயதான அம்மா. கொப்பியில் எழுதிக்கொண்டேன். இத்தனை வருடமும் இப்படி ஒரு கேள்வி எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை.

திருக்கோவிலுக்குத் தெற்கே வீடுகள் குறையும். இலங்கையின் கிழக்கு முனையான சங்கமன்கண்டிப் பக்கம் அது. இடப்பக்கம் பற்றைக்காட்டுக்கு அப்பால் கடல் இரைவது கேட்கும். அந்த வெறிச்சோடிய இடத்தில்தான் ரப்பர் கருகும் மணம் வந்தது. கணவர் பைக்கை ஓரம் கட்டினார். வலப்பக்கப் பையின் கீழ் வார் சைலன்சரில் தொட்டு உருகிக் கொண்டிருந்தது. வழியில் பையை இறக்கிக் கட்டினோம் அல்லவா, அதன் பலன்! இன்னும் சற்றுத் தூரம் போயிருந்தால் பை அறுந்திருக்கும், படங்கிலும் தீப்பிடித்திருக்கும். சாப்பாட்டுக்குக் கொண்டுவந்த புட்டு ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தது. புட்டை வாழையிலையில் கொட்டிவிட்டு, டின்னின் மூடியைக் கல்லால் தட்டி மட்டமாக்கி, சைலன்சருக்கும் பைக்கும் நடுவே சட்டத்தில் கம்பியால் கட்டினோம். புது வார் போட்டோம். பிறகு அந்த மரநிழலிலேயே இருந்து புட்டையும் மீன் பொரியலையும் சாப்பிட்டோம். அவர் சிரித்ததை ஐந்து மாதத்துக்குப் பிறகு அன்றுதான் கண்டேன்.

கோமாரியில் அந்த மணல் பாதை வந்தது. நான் பெரிய வீதியில் நின்றுகொண்டேன். ஸ்கூட்டியின் சிறிய சக்கரம் மணலில் புதையும். அவர் பின் டயரில் கொஞ்சம் காற்றை இறக்கினார். டயர் சற்றுப் பரந்தால் மணலில் புதையாது. ஆனால் நடை வேகத்தில்தான் போகவேண்டும், வீதிக்கு வந்ததும் திரும்ப அடிக்கவேண்டும். அதற்காகச் சைக்கிள் பம்ப் ஒன்றைச் சட்டத்தில் கட்டியிருந்தார். என்னைத் திரும்பிப் பார்க்காமல் போனார். பைக்கின் சத்தம் பனைகளுக்குப் பின்னால் தேய்ந்து மறைந்தது. எனக்குத் தெரிந்த துஆக்களையெல்லாம் ஓதிக்கொண்டு நின்றேன். முக்கால் மணி நேரத்தில் அதே சத்தம் திரும்பி வந்தது. வலது பை பாதியாகச் சுருங்கியிருந்தது. "ஆடவே இல்ல" என்று மாத்திரம் சொன்னார்.

பொத்துவிலில் மிகுதியை விற்றோம். நேரம் இருந்ததால் அறுகம்குடா வரை போனோம். அங்கே ஒரு காட்சி. அலையில் சறுக்கும் பலகைகளை வெள்ளைக்காரர்கள் ஸ்கூட்டரின் பக்கவாட்டில் தொங்கவிட்டுப் போகிறார்கள். அதைத் தாங்கும் வளைந்த கம்பியும் உள்ளூர் வெல்டிங் வேலைதான். உறுத்தாமல் இருக்கப் பழைய டியூபைச் சுற்றியிருந்தார்கள். என் கணவர் குந்தியிருந்து அதை வெகுநேரம் ஆராய்ந்தார். அந்தக் கம்பியைத் தாங்கிய வெல்டிங் கைக்கும் எங்கள் ஊர்த் தம்பியின் கைக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

மஃரிபுக்கு முன் வீடு சேர்ந்தோம். மாமி வாசலில் நின்றார். எவ்வளவு விற்றது என்று கேட்கவில்லை. "பையிட கைபிடி புடிச்சிதா?" என்றுதான் கேட்டார்.

2023 செப்டம்பரில் கியூஆர் பங்கீடு நிறுத்தப்பட்டது. 2025 இல் வாகன இறக்குமதியும் மீண்டும் தொடங்கியது. ஆயினும் நாங்கள் அதே பைக்கிலும் அதே ஸ்கூட்டியிலும்தான் போகிறோம். பக்கத்துக்குப் பதினைந்து கிலோ என்ற கணக்கை மாற்றவில்லை. மாம்பழ நிறக் கரைச் சாரி இப்போது எங்களிடம் அதிகம் விற்கும் சாரி. பைகளைக் கண்ட பாத்திர வியாபாரி ஒருவர் தனக்கும் தைக்கக் கேட்டார். பிறகு வேறு சிலரும் கேட்டார்கள். இதுவரை இருபத்தேழு சோடி தைத்துக் கொடுத்திருக்கிறேன்.

தைத்துக் கொடுக்கும்போது ஒவ்வொருவருக்கும் நான் சொல்லும் சில விடயங்களை உங்களுக்கும் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு பைக் இருக்கலாம். பாரத்தைக் கட்டுமுன் நிறுத்துப் பாருங்கள். இரு பக்கமும் சமமாக இருக்கட்டும். பாரமானதைக் கீழேயும் இலேசானதை மேலேயும் வையுங்கள். பின் லைற்றும் சிக்னலும் இலக்கத் தகடும் மறையக்கூடாது. சைலன்சர் பக்கம் ஒரு தகடு கட்டாயம் வேண்டும். பத்துக் கிலோமீற்றர் ஓடியதும் ஒருமுறை நிறுத்தி எல்லா வாரையும் கையால் இழுத்துப் பாருங்கள்.

இன்னொன்று. வீட்டுக்காரர் தலைக்கு மேல் பொதி கட்டிக்கொண்டு புறப்படும்போது, "இது சரியா இல்ல" என்று சொல்வதோடு நின்றுவிடாதீர்கள். நான் நின்றுவிட்டேன். அன்று அந்தப் பொதியை அவிழ்த்து, பாதியை எனது ஸ்கூட்டியில் ஏற்றியிருக்கலாம். ஸ்கூட்டி அன்றும் முற்றத்தில்தான் நின்றது.